மூவர் கச்சேரி

சங்கீதத்தில் சில வடிவங்கள் செல்வச் செழிப்பில் பிறக்கின்றன. வேறு சில, கையில் காசில்லாத நிர்ப்பந்தத்தில் பிறந்து, அந்த நிர்ப்பந்தம் நீங்கிய பின்பும் தம் சிக்கனத்தைக் கைவிடாமல், அதையே தமக்கு ஆபரணமாக்கிக்கொள்கின்றன. அமெரிக்க ஜாஸ் மரபில், பாடகர் எவரும் இல்லாமல், மூன்றே பேர் மூன்று வாத்தியங்களோடு மேடையேறி, முன்கூட்டி எழுதி வைக்காத இசையை அந்தந்தக் கணத்திலேயே மனோதர்மமாகக் கற்பித்து வாசிக்கும் மூவர் குழு, இவற்றுள் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதில் சாகித்தியம் கிடையாது. ஆகவே கேட்பவர் பற்றிக்கொள்ள ஒரு சொல்லும் கிடையாது. பெரிய கோஷ்டிகளின் ஆரவாரமும் பட்டுத் திரைகளின் பகட்டும் அதற்கு இல்லை. ஆயினும் அது தலைமுறை தலைமுறையாக ரசிகர்களைத் தன் பக்கம் இழுத்து வந்திருக்கிறது. 1960-களின் இறுதியில் ராக் இசையின் மின்சார முழக்கத்தோடு கலந்து ‘ஃப்யூஷன்’, அதாவது கலப்பிசை, என்ற பெயரைப் பெற்ற பிறகோ, ஜாஸ் என்றாலே ஒதுங்கிப் போகும் இளைஞர்களையும் சேர்த்து இழுத்தது. இந்தக் கவர்ச்சியின் மூலத்தை அழகியல் நூல்களில் தேடுவதைக் காட்டிலும், ஒரு வரிச் சட்டத்திலும், ஒரு கடிகாரக் கம்பெனியிலும், ஊர் ஊராக ஓடிய ஒரு வண்டியிலும் தேடினால் அதிகம் அகப்படும் என்பது என் அபிப்பிராயம்.

1930-களில் ஜாஸ் என்பது பெரும்பாலும் நடனத்துக்கான சங்கீதமாகவே இருந்தது. ட்யூக் எலிங்டன், கவுண்ட் பேஸி, பென்னி குட்மன் முதலானோர் பதினைந்து பேர் அளவுள்ள கோஷ்டிகளை நடத்தினார்கள். அகன்ற மண்டபங்களில் ஜனங்கள் ஜோடி ஜோடியாக ஆடினார்கள். இசை அவர்களுடைய கால்களுக்கு ஏவல் செய்தது. இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் வாத்தியக்காரர்களில் பலர் பட்டாளத்துக்குப் போனார்கள். பெட்ரோலுக்கும் டயருக்கும் பங்கீடு வந்ததால், இத்தனை பேரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மாகாணம் மாகாணமாகச் சுற்றுவது கட்டுப்படியாகாத காரியமாயிற்று. இந்த நிலையில், 1944-இல் அமெரிக்க மத்திய அரசாங்கம், ஆடலும் பாடலும் நடக்கும் கேளிக்கை விடுதிகளின் வசூலின்மீது 30 சதவிகித வரியை விதித்து, அதே வருஷத்தில் அதை 20 சதவிகிதமாகக் குறைத்தது. இந்த வரியில் ஒரு விலக்கு இருந்தது: நடனமும் பாட்டும் இல்லாமல் வெறும் வாத்திய சங்கீதம் மட்டும் நடக்கும் இடத்துக்கு அது பொருந்தாது.

விடுதி முதலாளிகள் செய்த கணக்கு எளிதில் ஊகிக்கக்கூடியது. பாடகியை நிறுத்தினால் வரி இல்லை. நடன மேடையை மேஜை நாற்காலிகளால் நிரப்பினால் வரியும் இல்லை, உட்கார்ந்து குடிப்பவரும் அதிகம். பதினைந்து பேருக்குப் பதில் மூவரையோ நால்வரையோ அமர்த்தினால் சம்பளமும் மிச்சம். அதுவரையில் ஆடிக்கொண்டிருந்த ஜனங்கள் இப்போது உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்கள். ஜாஸ் நடன இசையாக இருந்த நிலை மாறிக் கேட்டு ரசிக்கும் இசையானதற்கு இந்த ஒரு வரியே காரணம் என்று சொன்னால் அது மிகையாகும். சார்லி பார்க்கர், டிஸி கில்லெஸ்பி போன்ற மேதைகள் அதற்கு முன்பே அந்தத் திசையில் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். எனினும் மேதைகள் நினைத்ததற்கு இடம் கொடுத்தது முதலாளிகளின் சிக்கனம் என்பதை மறுப்பதற்கில்லை. 1960-இல் இந்த வரி பாதியாகி, 1965-இல் முற்றிலும் நீங்கியது. ஆனால் அதற்குள் வார்த்தையில்லாத சிறு குழு தன் ரசிகர்களைச் சம்பாதித்துக்கொண்டுவிட்டது.

மூவர் குழு என்ற அமைப்பு இந்த வரிக்கும் முந்தியது. 1937-இல் நாட் கிங் கோல், பியானோ, கிதார், பாஸ் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தாள வாத்தியமே இல்லாத ஒரு குழுவை லாஸ் ஏஞ்சலிஸில் அமைத்தார். பாடகராக அவர் உலகப் பிரசித்தி பெற்றது பிற்காலத்தில். ஆரம்பத்தில் அவருடைய கீர்த்தி விரல்களில் இருந்தது. பின்னர் கிதாருக்குப் பதில் டிரம்ஸ் வந்து, பியானோ, பாஸ், டிரம்ஸ் என்ற மூன்றும் நிலையான அமைப்பாயிற்று. சிகாகோவில் பெர்ஷிங் ஹோட்டல் விடுதியில் 1958 ஜனவரியில் அஹ்மத் ஜமால் தம் இரு துணைவர்களோடு வாசித்ததைப் பதிவு செய்து வெளியிட்ட இசைத்தட்டு, வாத்திய இசை விற்காது என்ற வியாபாரிகளின் நம்பிக்கையைப் பொய்யாக்கி, இரண்டு வருஷங்களுக்கு மேல் விற்பனைப் பட்டியலில் நீடித்தது. ஸ்வரங்களை அடுக்கிக் காட்டுவதில் அல்ல, எங்கே வாசிக்காமல் நிறுத்துவது என்பதில் இருந்தது ஜமாலின் சாமர்த்தியம். அவர் விட்ட இடைவெளிகளில் பாஸும் டிரம்ஸும் வெளியே தெரிந்தன.

அந்த இடைவெளியை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர் பியானோக்காரர் பில் எவன்ஸ். அதுவரையில் பியானோக்காரர் எஜமானர். மற்ற இருவரும் கால அளவைக் காத்துக்கொடுக்கும் ஊழியர். 1959-இன் இறுதியில் ஸ்காட் லஃபாரோ என்ற பாஸ் வாத்தியக்காரரையும் பால் மோஷியன் என்ற டிரம்ஸ் வாத்தியக்காரரையும் சேர்த்துக்கொண்ட எவன்ஸ், மூவரும் ஒரே நேரத்தில் மனோதர்மம் செய்வதென்றும், ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் பக்கவாத்தியமாக ஒடுங்கியிருக்க வேண்டியதில்லை என்றும் ஒரு முறையை வளர்த்தார். நியூயார்க்கில், மாக்ஸ் கார்டன் 1935-இல் தொடங்கிய வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை விடுதியில், 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் இரவுமாக இம்மூவரும் ஐந்து தவணைகளில் வாசித்தது முழுவதும் பதிவாகியிருக்கிறது. கண்ணாடிக் கோப்பைகள் உரசும் ஓசையும், கவனியாமல் பேசுகிறவர்களின் முணுமுணுப்பும் அதில் கேட்கின்றன. பதினோரு நாளில், இருபத்தைந்தே வயதான லஃபாரோ மோட்டார் விபத்தில் மாண்டார். பிற்கால மூவர் குழுக்களில் இந்த ஒரு நாள் வாசிப்புக்குக் கடன்படாதது அரிது.

இதே நிலவறையில் 1957 நவம்பரில் ஸானி ராலின்ஸ் வேறொரு துணிச்சலைச் செய்து காட்டியிருந்தார். பியானோவையே விலக்கி, தம் சாக்ஸபோனுக்குத் துணையாகப் பாஸையும் டிரம்ஸையும் மட்டும் அவர் வைத்துக்கொண்டார். பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலித்து இசையின் போக்கை அறிவிக்கும் வாத்தியம் ஒன்றுகூட இல்லாதபோது, அந்தப் போக்கு மூவர் மனத்திலும் கேட்பவர் மனத்திலும் மட்டுமே இருக்க வேண்டியதாயிற்று. ஒன்றை நீக்கினால் மற்றவை வளர்கின்றன என்ற பாடத்தை எவன்ஸும் ராலின்ஸும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து கற்பித்தார்கள்.

ஆனால் மூவர் குழுவைக் கலப்பிசையின் வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தது பியானோ அல்ல, ஒரு யந்திரம். சிகாகோவில் மின்சாரக் கடிகாரம் செய்து விற்றுவந்த லாரன்ஸ் ஹேமண்ட் ஒரு பொறியாளர். தாம் எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவர். மின்சாரத்தின் துடிப்போடு இசைந்து, வேகம் சிறிதும் பிசகாமல் சுழலும் மோட்டாரே அவர் கடிகாரத்தின் உயிர். பொருளாதார மந்தத்தில் கடிகார வியாபாரம் தளர்ந்தபோது, அதே மோட்டாரைக் கொண்டு, விளிம்பில் மேடு பள்ளங்கள் உள்ள சிறு உலோகச் சக்கரங்களைக் காந்தங்களுக்கு அருகே சுழலவிட்டால், சக்கரத்துக்கு ஒரு நாதமாக எழுப்பலாம் என்று கண்டு, 1935-இல் அவர் மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 91 சக்கரங்கள், இரண்டு அடுக்கு விசைப்பலகைகள், கால்களால் அழுத்த 25 கட்டைகள், நாதத்தின் குணத்தைக் கூட்டவும் குறைக்கவும் வெளியே இழுக்கும் ஒன்பது ஒன்பது தண்டுகள் என்று அமைந்த அந்தக் குடும்பத்தில், 1950-களின் நடுவில் வந்த ‘பி-3’ என்ற மாதிரியே ஜாஸ் உலகில் பெயர் பெற்றது.

குழல்களால் ஆன பெரிய ஆர்கனை வாங்க வசதியில்லாத சிறு தேவாலயங்கள் இந்த யந்திரத்தை விரும்பி வாங்கின. அவற்றுள் நீக்ரோக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு அமெரிக்கர்களின் தேவாலயங்கள் பல. ஞாயிறு காலைப் பிரசங்கத்தின் உச்சத்தில் சபையோரைக் கிளர்ந்தெழச் செய்த அந்த நாதத்தைச் சனிக்கிழமை இரவு மதுக்கடையிலும் கேட்டபோது ஜனங்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை. டான் லெஸ்லி என்பவர் சுழலும் ஊதுகொம்பு வைத்த ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியைச் செய்தார். அதன் வழியே வரும் நாதம் அலை அலையாக நடுங்கி மனிதக் குரலின் கமகத்தைப் பெற்றது. விசையை அழுத்தும்போது எழும் ‘டக்’ என்ற சத்தத்தை ஹேமண்டின் பொறியாளர்கள் குறையென்று எண்ணி ஒழிக்கப் பாடுபட்டார்கள். ஜாஸ் வாத்தியக்காரர்களோ, சரளமான ஓட்டத்துக்கு அந்தச் சத்தமே எழுத்துச் சுத்தம் தருகிறது என்று அதைப் போற்றினார்கள்.

வைல்ட் பில் டேவிஸ் என்பவர் 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆர்கன், கிதார், டிரம்ஸ் என்ற மூவர் குழுவுக்கு வழி காட்டினார். அவரைக் கேட்டு மயங்கியவர்களுள் ஒருவர், பென்சில்வேனியா மாகாணத்தில் பிலடெல்ஃபியாவுக்கு அருகே நாரிஸ்டவுனில் பிறந்த ஜிம்மி ஸ்மித். பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஸ்மித், கடனுக்கு ஒரு ஆர்கனை வாங்கி, ஒரு கிட்டங்கியில் அதை வைத்துக்கொண்டு, கால்கட்டைகளின் படத்தைச் சுவரில் எழுதிப் பார்த்துப் பார்த்துப் பல மாதங்கள் சாதகம் செய்தார் என்று சொல்வார்கள். அவர் 1956-இல் நியூயார்க்குக்கு வந்தபோது, ப்ளூ நோட் இசைத்தட்டுக் கம்பெனியின் ஆல்ஃபிரட் லயன் உடனே அவரைப் பதிவு செய்தார். இடக்கையும் கால்களும் பாஸ் வாத்தியத்தின் வேலையைப் பார்க்க, வலக்கை சாக்ஸபோனைப்போல் விரைந்தோடியது. பாஸ் வாத்தியக்காரர் ஒருவரின் சம்பளம் இதனால் மிச்சமாயிற்று. பதிலுக்கு, 400 ராத்தலுக்கு மேல் எடையுள்ள ஒரு பெட்டியை மாடிப்படியில் ஏற்றும் பாக்கியம் மூவருக்கும் கிடைத்தது.

நியூவார்க், பிலடெல்ஃபியா, நியூயார்க்கின் ஹார்லெம் ஆகிய இடங்களில், கறுப்பு அமெரிக்கத் தொழிலாளர் வாழும் தெருக்களில், ஆர்கனைச் சொந்தமாக வாங்கி நிரந்தரமாக வைத்திருந்த சிறு விடுதிகள் வரிசையாகத் தோன்றின. ஜிம்மி மக்ரிஃப், ஜாக் மக்டஃப், ஷர்லி ஸ்காட் முதலிய ஆர்கன்காரர்கள் அங்கே பெயரெடுத்தார்கள். இண்டியானாபொலிஸ் நகரத்துக் கிதார் மேதை வெஸ் மாண்ட்கோமரி தம் முதல் மூவர் தட்டை 1959-இல் ஓர் ஆர்கன்காரரோடுதான் பதிவு செய்தார். வேலை முடித்து வருகிறவர்களுக்குப் பாண்டித்தியத்தைப் பற்றிய கவலை இல்லை. தாளம் உடம்பில் இறங்க வேண்டும், ப்ளூஸின் சாயல் இருக்க வேண்டும், வாசிப்பவர் மனம் ஒன்றி வாசிக்க வேண்டும். ஆர்கன் மூவரிடத்தில் ஜாஸ் தான் இழந்திருந்த உடம்பைத் திரும்பப் பெற்றது என்றே சொல்லலாம். பிற்காலக் கலப்பிசை எந்த இளைஞர்களைத் தேடிப் போயிற்றோ அவர்களுடைய ருசிக்கு இந்த விடுதிகளே முன்னோடி.

பின்னர் ஒரு கலப்பிசைக் குழுவில் ஒன்றுசேரவிருந்த மூவரில் ஒருவர், நியூவார்க்கில் 1940-இல் பிறந்த லாரி யங். அவர் இந்த விடுதிச் சூழலிலேயே வளர்ந்தவர். அவர் தந்தையும் ஆர்கன் வாசித்தவர். ஸ்மித்தின் பாணியில் ஆரம்பித்த யங், சாக்ஸபோன் மேதை ஜான் கால்ட்ரேனின் தேடல்களால் ஈர்க்கப்பட்டு, 1965-இல் ‘யூனிட்டி’ என்ற தட்டில் ஆர்கனுக்கு முற்றிலும் வேறான ஒரு பாஷையைக் கொடுத்தார். மறுபக்கத்தில், பாஸ்டனில் வளர்ந்த டோனி வில்லியம்ஸ் 1963-இல், தம் பதினேழாம் வயதில், டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் டிரம்ஸ் வாத்தியக்காரராகச் சேர்ந்து, கால அளவை அறிவிக்கும் தொழிலிலிருந்து அந்த வாத்தியத்தை விடுவித்து, குழுவின் போக்கையே தீர்மானிக்கும் இடத்தில் அதை நிறுத்தினார். மூன்றாமவர் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் பிறந்த ஜான் மக்லாலின். இவர் 1969 பிப்ரவரியில் வில்லியம்ஸின் அழைப்பின் பேரில் நியூயார்க்கில் வந்திறங்கிய சில தினங்களுக்குள், மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலண்ட் வே’ பதிவில் கிதார் வாசிக்க அமர்த்தப்பட்டார்.

இதற்குள் லண்டனில் வேறொரு காரியம் நடந்திருந்தது. ஜாஸில் பயின்ற ஜாக் ப்ரூஸ், ஜிஞ்சர் பேக்கர் இருவரும் எரிக் கிளாப்டனோடு சேர்ந்து 1966-இல் ‘கிரீம்’ என்ற மூவர் குழுவைத் தொடங்கி, ராக் பாட்டுக்களின் நடுவே நீண்ட நேரம் மனோதர்மம் செய்து, பெரிய அரங்குகளை நிரப்பினார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் மூவரும் அதே வருஷத்தில் தோன்றினர். ஜாஸ் விடுதிகளில் கூட்டம் குறைந்துகொண்டே வர, ராக் அரங்குகளில் இளைஞர் முட்டி மோதிய காலம் அது. இந்தப் பேரொலியின் வலிமையை ஜாஸின் சுதந்திரத்தோடு இணைக்க முடியுமா என்ற வினா பலர் மனத்தில் எழுந்தது. வில்லியம்ஸ் மைல்ஸிடமிருந்து விலகி, யங்கையும் மக்லாலினையும் சேர்த்து ‘லைஃப்டைம்’ என்ற குழுவை அமைத்து அதற்கு விடை சொன்னார்.

1969 மே மாதத்தில் பதிவாகிய அவர்களுடைய ‘எமர்ஜென்ஸி!’ இரண்டு தட்டுகளாக வெளிவந்தது. அமைப்பைப் பார்த்தால் அது ஹார்லெமில் ஜிம்மி ஸ்மித் வைத்திருந்த அதே ஆர்கன், கிதார், டிரம்ஸ்தான். ஒலியைக் கேட்டால் அந்த மூன்றும் தீப்பற்றிக்கொண்டதுபோல் இருக்கும். பதிவின் தரம் மோசம்; ஒலி பல இடங்களில் கரகரத்துச் சிதைகிறது. சில உருப்படிகளில் வில்லியம்ஸ் தாமே மெல்லிய குரலில் வசனம்போலப் பாடுவதும் விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை. எனினும் வாத்தியங்கள் மட்டும் பேசும் நீண்ட பகுதிகளில், டிரம்ஸ் எப்போது வேகத்தை மாற்றும், ஆர்கன் எந்த மேகத்தை எழுப்பும், கிதார் எங்கே வெட்டிக்கொண்டு புறப்படும் என்பதை வாசிப்பவர்களே முன்னறியாத ஒரு நிலை காணப்படுகிறது. ஜாஸ் ரசிகர்களில் பலர் இதை இரைச்சல் என்றார்கள். ராக் ரசிகர்கள் பாட்டு எங்கே என்று கேட்டார்கள். விற்பனை சொற்பம். 1970-இல் கிரீமின் ஜாக் ப்ரூஸே வந்து சேர, மூவர் நால்வரானார்கள். அந்தக் கூட்டும் நெடுநாள் நிலைக்கவில்லை. லாரி யங் 1978-இல் முப்பத்தேழு வயதில் காலமானார். வில்லியம்ஸ் 1997 வரை வாழ்ந்தார். வியாபாரத்தில் தோற்ற லைஃப்டைம் முயற்சியே கலையில் வென்றது.

மக்லாலின் பிறகு ஐவர் கொண்ட ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’வை 1971-இல் அமைத்தார். கனெக்டிகட் மாகாணத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அக்காலத்தில் கர்நாடக சங்கீதம் போதித்துவந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் அவர் வீணை பயின்றதும், எல். சங்கர், விக்கு விநாயகராம், ராம்நாட் ராகவன், ஜாகீர் உசேன் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவை அமைத்ததும் நம்மவர் அறிந்த சரித்திரம். பிரதான வாத்தியம், பக்கவாத்தியமாக வயலின், மிருதங்கம் என்று மூவரைக் கொண்டே ஒரு முழுக் கச்சேரியை நடத்திப் பழகிய நமக்கு, ஆள் எண்ணிக்கையில் ஜாஸ் மூவர் ஆச்சரியமூட்ட மாட்டார்கள். வேற்றுமை தலைமையில் இருக்கிறது: நம் மேடையில் நடுவில் அமர்ந்தவர் ஒருவர் கச்சேரியின் போக்கைத் தீர்மானிக்கிறார், அவர்கள் மேடையில் தலைமை கைமாறிக்கொண்டே இருக்கிறது.

1975 டிசம்பரில் ஜெர்மனியில் பாட் மெத்தனி என்ற இருபத்தொரு வயதுக் கிதார்க்காரர், ஜாகோ பாஸ்டோரியஸ், பாப் மோசஸ் இருவரோடும் பதிவு செய்த ‘பிரைட் சைஸ் லைஃப்’, கலப்பிசைக்கு உரத்த குரல் அவசியமில்லை என்று காட்டியது. தண்டில் மெட்டுக்கட்டைகள் இல்லாத பாஸ் கிதாரில் பாஸ்டோரியஸ் எழுப்பிய பாடும் நாதம், அடித்தளமாக இருந்த வாத்தியத்தைக் கிதாருக்குச் சமமான ஆசனத்தில் அமர்த்திற்று. ஆனால் மேதைகள் மூவர் கூடினால் மட்டும் மூவர் குழு ஆகிவிடாது. 1979 மார்ச்சில் ஹவானாவில் மக்லாலின், பாஸ்டோரியஸ், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். அந்தச் சேர்க்கை தொடரவில்லை. அந்த மேடைப் பதிவு 2007-இல்தான் தட்டாக வெளிவந்தது. அதற்குள் மூவரில் இருவர் மறைந்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகிய காலமே மூவர் குழுவின் மூலதனம். கீர்த்தி அதற்கு ஈடாகாது.

1970-களின் நடுவில் சக்கர ஆர்கனின் உற்பத்தியே நின்றது. ஒரு மனிதன் கையில் தூக்கிச் செல்லக்கூடிய மின்னணு வாத்தியங்கள் வந்தபின், 400 ராத்தல் பெட்டியை யார் சுமப்பார்கள்? கலப்பிசையும் சாமர்த்தியப் பந்தயமாகவும் மெருகேற்றிய வியாபாரச் சரக்காகவும் சுருங்கிக்கொண்டு வந்தது. மூவர் குழுவுக்குப் புதிய வாழ்வு வந்தது 1991-இல், நியூயார்க்கில். பியானோ வாசித்த ஜான் மெடெஸ்கி, பாஸ் வாசித்த கிரிஸ் வுட் இருவரும் பாஸ்டனில் நியூ இங்கிலண்ட் கன்ஸர்வேட்டரியில் பயின்றவர்கள். டிரம்ஸ் வாத்தியக்காரர் பில்லி மார்ட்டினை அவர்களோடு சேர்த்துவைத்தவர், மெத்தனியோடு வாசித்த அதே பாப் மோசஸ்.

இவர்கள் முதலில் பியானோ மூவராகவே ஆரம்பித்தார்கள். ஜாஸ் விடுதிகள் சிலவே இருக்க, ராக் விடுதிகளிலும் கல்லூரி ஊர்களிலும் வாசித்துப் பிழைப்பதென்று ஒரு வண்டியில் ஏறி, அதிலேயே சமைத்து உண்டு, தேசத்தைச் சுற்றினார்கள். அத்தகைய இடங்களில் பியானோ கிடையாது. இருந்தாலும் சுருதி சேராது. ஆகவே மெடெஸ்கி பழைய ஆர்கனையும் வேறு மின்சார விசை வாத்தியங்களையும் தம்மோடு எடுத்துச் செல்லத் தொடங்கினார். வசதியின்மையே மறுபடியும் ஒரு நாதத்தைத் தீர்மானித்தது. ‘ஃபிஷ்’ என்ற ராக் குழு தன் கச்சேரிகளின் இடைவேளைகளில் இவர்களுடைய தட்டுகளை ஒலிக்கச் செய்ததால், ஜாஸ் விடுதிக்குள் காலடி வைத்தறியாத ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இவர்களை நாடி வந்தார்கள். 1996-இல் ஹவாய்த் தீவில் ஒரு குடிசையில் தங்கிப் பதிவு செய்த ‘ஷாக்-மேன்’ தட்டில், ஹார்லெம் விடுதிகளின் தாளமும் லைஃப்டைமின் துணிச்சலும் ஒருங்கே கேட்கின்றன. 1998-இல் ஜிம்மி ஸ்மித்தின் பழைய கம்பெனியான ப்ளூ நோட்டே இவர்களுடைய தட்டை வெளியிட்டது. 1940-களில் வரிக்கு அஞ்சி நிறுத்திய நடனம் இவர்கள் மேடைக்கு எதிரே மீண்டும் தொடங்கியது. ஆடியவர்கள் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

இந்தச் சரித்திரத்தை வைத்துப் பார்த்தால் மூவர் குழுவின் கவர்ச்சி இன்னதென்று சொல்ல முடிகிறது. இருவரிடையே உறவு ஒன்று, மூவரிடையே மூன்று, நால்வரிடையே ஆறு, ஐவரிடையே பத்து. பத்து உறவுகளை ஒரே வேளையில் காதால் பின்தொடர்வது சாமானியருக்கு அசாத்தியம். ஆகவே அங்கே நாம் மொத்தத்தைக் கேட்டுத் திருப்தியடைகிறோம். மூன்றைப் பின்தொடரலாம். கிதார் ஒரு சொற்கட்டை வீச, டிரம்ஸ் அதைப் பிடித்துத் திருப்பிப் போட, பாஸ் இருவரோடும் சேராமல் தன் பிடிவாதத்தில் நிற்பதும், சிறிது நேரம் கழித்து மற்ற இருவரும் அந்தப் பிடிவாதத்துக்கு இணங்கி வருவதும் பழக்கமில்லாத காதுக்கும் புலப்படும். சொல் இல்லாததால் கவனம் பொருளைத் தேடிப் போகாமல் இந்தச் சம்பாஷணையிலேயே நிற்கிறது. ஒருவர் கையை எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு இசை மறைந்து, மற்ற இருவரும் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டி வருகிறது; ஒருவர் தவறினால் மறைத்துக்கொள்ள இடமில்லை.

அதே காரணத்தால் இவ்வடிவத்தின் தோல்வியும் பளிச்சென்று தெரிந்துவிடும். சொல்ல ஒன்றும் இல்லாதபோது வேகத்தைக் காட்டுவதும், ஒரே தாளக்கட்டைப் பத்து நிமிஷம் சுற்றிச் சுற்றி வந்து ஆவேசம் வந்துவிட்டதாகப் பாவனை செய்வதும் கலப்பிசைக் குழுக்களில் சாதாரணம். ஒலிபெருக்கியின் பலம் சிந்தனையின் பலவீனத்தை மூட உதவும் என்று நம்பியவர்கள் அநேகர். பெரிய கோஷ்டியில் ஒரு சோம்பேறி பிழைத்துக்கொள்ளலாம். மூவரில் ஒருவர் கேட்பதை நிறுத்தினால் கச்சேரியே நின்றுபோகிறது.

இப்பாணியை இதுவரை அறியாதவர்கள், பில் எவன்ஸின் 1961 வான்கார்ட் பதிவையும், லைஃப்டைமின் ‘எமர்ஜென்ஸி!’யையும், மெடெஸ்கி, மார்ட்டின், வுட் மூவரின் ‘ஷாக்-மேன்’ தட்டையும் இந்த வரிசையிலேயே கேட்டுப் பார்க்கலாம். முதல் முறை மொத்தத்தையும், இரண்டாம் முறை தாழ்ந்த ஸ்தாயியில் நடக்கும் வாத்தியத்தை மட்டும், மூன்றாம் முறை டிரம்ஸை மட்டும் பின்தொடர வேண்டும். நடுத் தட்டு முதலில் காதை அறையும், பொறுத்துக்கொள்வது நல்லது. வரியும் சம்பளமும் சுமையும் சேர்ந்து ஆட்களைக் குறைத்தன. சங்கீதம் அதனால் குறைந்துவிடவில்லை. மிஞ்சிய மூவரின் பொறுப்பும், எதிரே அமர்ந்திருப்பவரின் பொறுப்பும் கூடியதே அந்தக் குறைவினால் விளைந்த லாபம்.